உடையார்கட்டில் ஓர் இடக்கைக் கத்தி

முள்ளியவளைக்கு நான் போனது கத்தி வாங்குவதற்காக அல்ல, மகளைக் கூட்டிக்கொண்டு வருவதற்காக. போக ஒரு டிக்கெட்டும் திரும்பி வர இரண்டு டிக்கெட்டுகளும் என் கணவர் எடுத்துக் கொடுத்திருந்தார். "அங்க போய்ப் பேசிப் பாக்கிற வேலையெல்லாம் வேண்டாம். கூட்டிட்டு வா" என்றார், ஒட்டன்சத்திரம் பஸ் நிலையத்தில் என் பெட்டியை ஏற்றிவிட்டு.

ரம்யா எங்களுக்கு ஒரே பெண். கோயம்புத்தூரில் தோட்டக்கலை படிக்கும்போது உடன் படித்த நிரோஷனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் ஊர் இலங்கையில், வன்னிப் பக்கத்து முள்ளியவளை. ஆறு வருடமாக அங்கே இருவரும் பழக்கன்றுப் பண்ணை நடத்துகிறார்கள். நாலு மாதத்துக்கு முன் ஒரு மாலை அவள் ஸ்கூட்டரில் வரும்போது மாட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டில் ஏறிவிட்டது. விழுந்ததில் வண்டியின் கண்ணாடி உடைந்து வலது உள்ளங்கையைக் கிழித்தது. எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்கள், அதுவும் சின்னக் கீறல் என்று. சின்னக் கீறலுக்கு எதற்கு இரண்டு முறை அறுவைச் சிகிச்சை என்று கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது.

அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் பிள்ளைகள் கை தூக்கினால் முகத்தைப் பார்ப்பதில்லை, விரல்களைப் பார்க்கிறேன்.

கொழும்பிலிருந்து போன ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். வேகவைத்த கடலையில் தேங்காய்த் துண்டு போட்டு எனக்கும் நீட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த பையனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவன் தமிழில் சொன்னான்: "ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நீங்க எழும்பி எழும்பி இருக்கிறீங்களாம். கிளிநொச்சி தன்ர பாட்டில வரும், நீங்க தள்ளத் தேவையில்லையாம்." நானும் சிரித்தேன். அடுத்த நிலையத்திலும் எழுந்தேன்.

கிளிநொச்சியில் நிரோஷன் காத்திருந்தான். "மாமி, பயணம் சுகமோ?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். அவனிடம் கோபமாக இருக்க வேண்டும் என்று ஒட்டன்சத்திரத்திலிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். ஆனால் அவன் என்னைவிட மெலிந்து போயிருந்தான்.

மறுநாள் காலை அவர்கள் வளவைச் சுற்றிப் பார்த்தேன். வளவு என்றால் வீட்டைச் சுற்றிய நிலம். மா, பலா, தென்னை, தேசி என்கிற எலுமிச்சை எல்லாம் இருந்தன. ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது, என்னவென்று பிடிபடச் சற்று நேரமானது. எல்லா மரமும் ஒரே வயது. எங்கள் தோட்டத்தில் தாத்தா வைத்த புளியும் போன வருடம் வைத்த முருங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இங்கே முதிர்ந்த மரம் என்று ஒன்றுகூட இல்லை. "சண்டை முடிஞ்சு நாங்கள் திரும்பி வந்து வைச்சதுகள், மாமி. இஞ்ச எல்லா வளவும் இப்பிடித்தான்" என்றான் நிரோஷன். அதனால்தான் ஊரெல்லாம் இன்னும் கன்று கேட்டு வருகிறார்களாம்.

ஆனால் ஒட்டுப்போடுகிறவள் ரம்யா. காட்டு எலுமிச்சைக் கன்றின் தண்டில் பட்டையைக் கீறி, தோடை மரத்தின் ஒரு மொட்டைச் சீவி எடுத்து உள்ளே செருகி நாடாவால் கட்டுவது அவள் கை வேலை. தோடை என்பது இவர்களின் ஆரஞ்சு. நாலு மாதமாக அந்தக் கை நின்றுவிட்டது. ஒட்டப்படாத கன்றுகள் கறுப்புப் பைகளில் வரிசையாக நின்று தடித்துக்கொண்டிருந்தன.

காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் சம்பலும். ரம்யா இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். நான் தட்டை வாங்கிப் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவதுக்கு, "காணும் அம்மா, நான் சாப்பிடுவன்" என்றாள். 'போதும்' எப்போது 'காணும்' ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்பதும் 'ஓம்' ஆகியிருந்தது.

சாப்பிட்டதும் போனை என்னிடம் நீட்டினாள். "அம்மா, இதைப் பாருங்கோ." ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் சின்னக் கத்தி ஒன்று. அளவு தெரிய அருகில் தீப்பெட்டி. கீழே செய்தவரே எழுதியிருந்தார்: 'கையால் செய்த ஒட்டுக்கத்தி விற்பனைக்கு. பழைய அரத்து இரும்பு, முதிரை மரப் பிடி. மடங்காது. இடக்கைக்காரர் முதலே சொல்லவும். வெட்டிப் பார்த்த பிறகே தரப்படும்.'

"இடக்கைக்கு ஒண்டு செய்யச் சொல்லிட்டன். முடிஞ்சுதாம்" என்றாள்.

ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், மறுபக்கம் தட்டை. வலது கைக் கத்தியை இடது கையில் பிடித்தால் கம்புக்குள் இறங்கிப் போய்விடும் என்று அவள் விளக்கிக்கொண்டே போனாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை போனது போதாதென்று இன்னொரு கையிலும் கத்தியா?

"ரம்யா, ஊருக்குப் போயிடலாம்டி. அப்பா டிக்கெட் போட்டுட்டாரு."

"நிரோஷன் அருவி வெட்டில நிக்கிறார். கத்தியை எடுக்க ஆளில்லை" என்றாள், நான் சொன்னது காதிலேயே விழாதவள் போல. நெல் அறுவடையை அருவி வெட்டு என்கிறார்கள். நெரிசல் பஸ்ஸில் போகக்கூடாது என்று மருத்துவர் அவளைத் தடுத்திருந்தார். நான் போகிறேன் என்றேன். நல்ல மனதோடு சொல்லவில்லை. 'வெட்டிப் பார்த்த பிறகே' என்ற வரி என் கண்ணில் பட்டிருந்தது. கத்தி செய்தவர் வாயாலேயே இந்தக் கைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபம்.

கத்திக்காரர் இருந்த உடையார்கட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் சினிமாப் பாட்டை எவ்வளவு சத்தமாகப் போட முடியுமோ அவ்வளவு சத்தமாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் எங்கள் ஊரில் ஓடித் தேய்ந்த பாட்டுகள். கண்டக்டர் உடையார்கட்டு என்று கத்தியது அதில் அமுங்கி, அதையும் தாண்டி விசுவமடுவில் போய் இறங்கினேன். திரும்பி வர பஸ்ஸுக்கு நின்றபோது நெல் மூட்டை ஏற்றிய இரண்டு சக்கர டிராக்டர் ஒன்று நின்றது. அதை இங்கே லான்ட்மாஸ்டர் என்கிறார்கள். மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா இந்தியாவோ? என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று ஓட்டியவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"கத்தி வாங்க."

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். "ஏன், அங்க கத்தி முடிஞ்சுதோ?"

கத்தி செய்பவர் பெயர் மோகன்ராஜ். ஐம்பது வயது இருக்கும். தகரக் கொட்டகை. உலைக்குக் காற்றடிக்க ஒரு பழைய கார் விசிறி. அந்த நீல நாற்காலி வாசலிலேயே கிடந்தது. "வாங்கம்மா, உக்காருங்க" என்றதும் எனக்குச் சட்டென்று ஊர் நினைவு வந்தது. அவர் குடும்பம் மலைநாட்டு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தது. அப்பா அங்கே ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுப்போடும் வேலை செய்தவராம். என்னிடம் எங்கள் பக்கத்துத் தமிழில் பேசுவார், திரும்பி மனைவி பவானியிடம் வன்னித் தமிழில் பேசுவார். பவானி இந்த மண்ணிலேயே பிறந்தவர்.

கத்தி என் கையை விடச் சின்னது. அலகு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மஞ்சள் நிறப் பிடியில் இரண்டு பித்தளை ஆணிகள். எடுத்து விரல் வைத்துப் பார்க்கப் போனேன்.

"வேணாம்மா. நீங்க வெட்டிப் பாத்து எனக்கு ஒண்ணும் ஆவாது. யாரு வேல செய்யப் போறாங்களோ அவங்க கைதான் வெட்டணும்." வேலியில் நின்ற கிளிசறியா மரத்திலிருந்து பென்சில் தடிமனில் பத்துக் குச்சிகளை நறுக்கி, கத்தியோடு சேர்த்து ஒரு துணியில் சுற்றி என் முன்னால் வைத்தார். "மக இடது கையால ஒவ்வொரு குச்சியிலயும் சாய்வா ஒரே ஒரு வெட்டு வெட்டட்டும். குச்சியையும் கத்தியையும் நாளன்னிக்கு எடுத்துட்டு வாங்க. வெட்டைப் பாத்துத்தான் கத்திய முடிப்பேன்."

"அவளால முடியுமான்னு வெட்டைப் பார்த்தா தெரியுமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியும்" என்றார்.

மறுநாள் காலை ரம்யா வெளியே வாங்கு என்கிற பெஞ்சில் உட்கார்ந்து வெட்டினாள். குச்சியை வலது கையின் மடங்குகிற இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். முதல் வெட்டு எலி கடித்தது போல் இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான். நடுவில் ஒரு தரம் கத்தி குச்சியை விட்டு வழுக்கி அவள் முழங்கால் பக்கம் போனது. நான் எழுந்து உள்ளே போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன். ஏழாவது வரை கோணல்தான். நான் திரும்பி வந்தபோது எட்டாவது குச்சி அவள் மடியில் கிடந்தது. அந்த வெட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்பதும் பத்தும் அதைவிட நன்றாக வந்தன. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வந்திட்டுது அம்மா" என்றாள். நான் நல்லா இருக்கு என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த நாள் உடையார்கட்டுக்குக் கிளம்புவதற்கு முன் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நன்றாக வந்த மூன்று குச்சிகளையும் உருவி என் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்தேன். கோணலான ஏழு குச்சிகளை மட்டும் கத்தியோடு துணியில் சுற்றிக்கொண்டேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளைப் பார்த்தார். "ரீச்சரோ?" என்றார். எப்படித் தெரிந்தது என்றேன். "உப்பிடித் தடியோட வேற ஆர் திரியிறது. ஆருக்கு அடி?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். "எண்டாலும் வைச்சிருங்கோ, உதவும்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து றோல்ஸ் என்கிற பலகாரம் ஒன்றை எடுத்துப் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். மீன் வைத்திருந்தது. எங்கள் ஊரில் பஸ்ஸில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவள் நான். வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

மோகன்ராஜ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குச்சிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டு முகத்தின் மேல் ஒரு சவர அலகின் விளிம்பை வைத்து, நடுவில் எங்கே வெளிச்சம் ஒழுகுகிறது என்று பார்த்தார். ஏழும் முடிந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிச்சம் மூணு எங்கம்மா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். வாயில் வந்ததோ வேறு. "நல்லா வந்த மூணையும் வீட்டிலயே வெச்சுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பவானி, இஞ்ச வா. இந்த இந்தியா அம்மா செய்ததைக் கேள். நல்லதை வீட்ட விட்டிட்டுக் கூடாததைக் கொண்டு வந்திருக்கிறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிக் கொண்டு வந்ததில்லம்மா. எல்லாரும் நல்லா வந்ததா நாலு குச்சியப் பொறுக்கி எடுத்துட்டு வருவாங்க, என்னமோ நான் பரிச்சை வெக்கிற மாதிரி. நல்ல வெட்டு எனக்கு என்னத்தச் சொல்லும்?"

ஏழு குச்சிகளையும் மேசையில் வரிசையாக அடுக்கினார். "பாருங்க. எல்லாத்திலயும் நுனியிலேருந்து ஒரே தூரத்துல பள்ளம். கையோட பிழைன்னா ஒவ்வொரு வெட்டுலயும் ஒவ்வொரு எடத்துல வரும். இது நான் விட்ட பிழை. தட்டைப் பக்கம் லேசா வயிறு வெச்சிருக்கு. உங்க மக கை நல்ல கை."

ஆய்வகத்தில் வருடா வருடம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. அளவு ஒரே பக்கம் தவறினால் கருவியைப் பார், முன்னும் பின்னும் தவறினால் கையைப் பார். குச்சிகளை நானும்தான் பார்த்தேன். பள்ளம் ஒரே இடத்தில் இருந்தது என் கண்ணில் படவில்லை.

"அப்ப கடைசி மூணும் எப்படி நல்லா வந்துச்சு?"

"கத்தியோட பிழைக்குத் தோதா அவங்க மணிக்கட்டத் திருப்பியிருப்பாங்க. அதப் பாத்திருந்தா கத்தி சரின்னு குடுத்திருப்பேன். ஒரு நாளைக்கு நூறு வெட்டு. மூணு மாசத்துல அந்த மணிக்கட்டும் போயிருக்கும்."

நான் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். பவானி இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீர் கொண்டு வந்தார். அவருக்குக் கூர்மையான கண்.

"ஏன் அக்கா நல்லதை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆகாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னா, அவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு."

சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மோகன்ராஜின் கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பவானி எனக்கு எதிரே குந்தினார். "இவர் பிழையான கத்தி செய்து, நீங்கள் கள்ளம் செய்து, எப்பிடியோ பிள்ளைக்குச் சரி வந்திட்டுது" என்றார். "தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப் போகுது."

கத்தியைத் திருத்த ஒரு மணி நேரம் ஆனது. தட்டைப் பக்கத்தைக் கல்லில் வைத்துத் தேய்ப்பார், கழுவுவார், சவர அலகை வைத்து வெளிச்சம் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். கோழி ஒன்று உலைச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தது. கடைசியில் கத்தியைத் துணியில் சுற்றி மேசையில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். கையிலிருந்து கைக்குக் கத்தி கொடுக்காத பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு.

அன்று மாலை புட்டும் மாம்பழமும் சாப்பிடும்போது ரம்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்குள் இருந்த மூன்று குச்சிகளையும் கொண்டு வந்து வைத்தேன். அவள் கோபப்படவில்லை என்று எழுதினால் பொய். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யப் போறீங்கள், அம்மா?"

"பத்திரமா வெச்சுக்குவேன்."

"எத்தினை நாளைக்கு?"

நிரோஷன் தட்டைப் பார்த்தபடியே எழுந்து கை கழுவப் போனான். அவள் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு, தட்டை ஒரு கையாலேயே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் வெயில் ஏறும் முன் அவள் கன்றுகளுக்கு நடுவில் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் தள்ளி நின்றேன். கத்தி இடது கையில். வலது கை கன்றைப் பிடிக்கப் பார்த்தது. மொட்டுச் சீவியாகிவிட்டது, பள்ளமில்லாத ஒரே வெட்டில். ஆனால் பட்டையைக் கீறும்போது தண்டு அசைந்தது. மடங்காத விரல்களால் அதை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இரண்டு முறை கீறினாள், இரண்டும் விலகின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நிரோஷன் எங்க?" என்று கேட்டேன்.

"வயலுக்குப் போயிட்டார்." தண்டைக் கண்ணால் காட்டி, "இதை ஒருக்காப் பிடிங்கோ" என்றாள்.

குந்தி உட்கார்ந்து தண்டை இரண்டு கையாலும் பிடித்தேன். கத்தி என் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறவுங்கோ. நீங்கள் அசைஞ்சா எனக்குத்தான் வெட்டும்."

திறந்தேன். குறுக்கே ஒரு கீறல், நடுவில் கீழ்நோக்கி ஒரு கீறல். பிடியின் பின்முனையால் பட்டையை இரண்டு பக்கமும் மெல்ல விலக்கினாள். உள்ளே ஈரமாக, வெளிர் பச்சையாக இருந்தது. மொட்டை அதற்குள் இறக்கினாள். அப்போது என் இடுப்பில் செருகியிருந்த போன் அடிக்கத் தொடங்கியது. இந்த முறை கையை எடுக்கவில்லை.

"நாடாவைச் சுத்துங்கோ. கீழேயிருந்து மேல. மொட்டை மூடாதேங்கோ. இன்னும் இறுக்கி." சுற்றினேன். முதல் சுற்று தளர்ந்துவிட, அவிழ்த்துத் திரும்பச் சுற்றச் சொன்னாள். என் வகுப்பில் நான் பேசும் அதே குரல்.

பதினோரு கன்றுகள் முடிந்த பிறகு கணவரைத் திரும்ப அழைத்தேன்.

"எங்க போயிருந்த? நாலு தடவ அடிச்சேன். பெட்டி கட்டியாச்சா?"

"ஒரு டிக்கெட்ட ரத்து பண்ணிடுங்க. என்னோடத மூணு வாரம் தள்ளிப் போடுங்க."

"மூணு வாரமா? எதுக்கு?"

"ஒட்டு பிடிச்சுதா இல்லையான்னு தெரிய அவ்வளவு நாள் ஆகுமாம்."

அந்தப் பக்கம் எங்கள் தெருவில் பால்காரர் மணி அடிப்பது கேட்டது. "பிடிக்கலேன்னா?" என்றார் அவர், அந்த ஒரு வழியாவது திறந்திருக்கட்டும் என்பது போல.

ரம்யா முக்காலியை அடுத்த வரிசைக்கு நகர்த்திவிட்டு, வா என்று தலையை ஆட்டினாள்.

"பிடிக்கலேன்னா அதே கன்னுல கொஞ்சம் கீழ வெட்டுவா. இப்ப வைங்க, கூப்பிடுறா" என்றேன்.